“எந்த ஸ்டேஜ் டாக்டர்?” – மறதிநோயின் தீவிரத்தை அளப்பது எப்படி

புற்றுநோய் என்றால் ஸ்டேஜ் சொல்ல பயாப்சி இருக்கிறது, ஸ்கேன் இருக்கிறது. சர்க்கரை நோயா, மூன்று மாதச் சராசரி ஒரு எண்ணாக வந்துவிடும். டிமென்ஷியா என்று சொல்லப்படும் மறதிநோய்க்கு அப்படிக் கையில் வாங்கிப் பார்க்கிற ரிப்போர்ட் கிடையாது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை எங்கே சுருங்கியிருக்கிறது என்று தெரியும். எதனால் வந்த மறதி என்று பிரித்தறிய அது பெரிய உதவி. ஆனால் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், இந்த அம்மாவைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போய்வரலாமா என்பதற்குப் பதில் கிடைக்காது. குடும்பத்தார் ஸ்டேஜ் என்று கேட்பதோ அதைத்தான்.

என் பெரியம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்வரை நானும், ஏதோ ஒரு பரீட்சை வைப்பார்கள், முப்பதுக்கு இத்தனை என்று மார்க் வரும், அதை வைத்துச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பரீட்சை இருக்கத்தான் செய்தது. ஆனால் அன்று டாக்டர் அதிக நேரம் பேசியது பெரியம்மாவிடம் இல்லை, என் அண்ணியிடம்.

பெரியம்மாவை அண்ணனோடு வெளியே உட்காரவைத்துவிட்டு அண்ணியையும் என்னையும் முதலில் உள்ளே கூப்பிட்டார். “போன ஒரு வாரத்துல அவங்களும் கலந்துக்கிட்ட மாதிரி வீட்டுல ஏதாவது நடந்துச்சா? விவரமா சொல்லுங்க” என்றார். அண்ணி வளைகாப்பைச் சொன்னார். பேத்திக்கு, வெள்ளிக்கிழமை காலையில், மொட்டை மாடியில் பந்தல் போட்டு நடந்தது. பாதியில் மழை பிடித்துக்கொள்ள, எல்லாரும் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்தார்கள். பேத்தி கையில் முதல் வளையல் போட்டுவிட்டதே பெரியம்மாதான். டாக்டர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு பெரியம்மாவை உள்ளே அழைத்தார்.

“போன வாரம் வீட்டுல விசேஷமாமே பாட்டி?”

“ஆமாய்யா. நல்லா நடந்துச்சு. எல்லாரும் வந்திருந்தாங்க.”

“யாருக்கு விசேஷம்?”

“நம்ம புள்ளைக்குத்தான்.”

“என்ன விசேஷம் பாட்டி?”

பெரியம்மா சிரித்தார். முகத்தை அண்ணி பக்கம் திருப்பி, “நீ சொல்லேம்மா” என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் எந்த வீட்டின் எந்த விசேஷத்துக்கும் பொருந்தும். மழை இல்லை, மாடி இல்லை, வளையல் இல்லை. ஆனால் குரலில் தடுமாற்றம் கொஞ்சமும் கிடையாது. அரை மணி நேரம் வந்து பார்த்துவிட்டுப் போகும் உறவினர்கள் “நல்லாத்தானே பேசுறாங்க, நீங்கதான் பெரிசு பண்றீங்க” என்று சொல்வது இதனால்தான். கேள்வி கேட்டதும் பதிலுக்காகப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதை டாக்டர்கள் தனியாகவே கவனிக்கிறார்கள். நினைவின் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துப் பழகிவிட்டார் என்பதற்கு அது அடையாளம்.

வீட்டில் இருப்பவரிடம் ஒரு சம்பவத்தை விவரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதையே நோயாளியிடம் கேட்டு ஒப்பிடும் இந்த முறை சி.டி.ஆர். (கிளினிக்கல் டிமென்ஷியா ரேட்டிங்) என்ற அளவுகோலின் ஒரு பகுதி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹ்யூஸ், லெனார்ட் பெர்க் உள்ளிட்டோர் உருவாக்கி 1982-இல் வெளியிட்டது. 1993-இல் ஜான் மோரிஸ் அதன் விதிகளைத் திருத்தி எழுதினார். இன்று மறதிநோய் மருந்து ஆய்வுகளில் நோயின் தீவிரத்தைச் சொல்ல அதிகம் நம்பப்படும் அளவுகோல்களில் இது ஒன்று.

இதில் ஆறு கட்டங்கள்: ஞாபகம், நாளும் இடமும் தெரிதல், யோசித்து முடிவெடுத்தல், வெளி உலக நடமாட்டம், வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுதல். ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1, 2, 3 என்று மதிப்பு. 0 என்றால் குறை இல்லை. 0.5 சந்தேகத்துக்குரியது அல்லது மிக லேசானது. 1 லேசானது, 2 நடுத்தரம், 3 கடுமை. கடைசிக் கட்டமான சுய பராமரிப்புக்கு மட்டும் 0.5 கிடையாது. குளிக்கும்படி நினைவூட்ட வேண்டியிருக்கிறதா, இல்லையா என்றுதான் கேட்பார்கள், நடுவில் ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம், வெளி உலக நடமாட்டத்தைப் பற்றியது. 1 என்ற மதிப்பு யாருக்கு? கடைக்கோ கோயிலுக்கோ துணையில்லாமல் போய்வர முடியாது, ஆனாலும் போகிற இடத்தில் கலந்துகொள்வார், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சாதாரணமாகத் தெரிவார். 2 என்றால் தனியாக எதுவும் முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். 3 என்றால் அப்படிக் கூட்டிக்கொண்டு போக முடியாத அளவுக்கு உடல்நிலை மோசமானவராகத் தெரிவார். “அம்மாவைக் கல்யாணத்துக்கு அழைத்துப் போகலாமா, வேண்டாமா?” என்று நம் வீடுகளில் நடக்கும் பேச்சு அப்படியே ஒரு மருத்துவ அளவுகோலின் வரியாக இருப்பதைப் பார்த்தபோது, இதை எழுதியவர்கள் எத்தனை குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்று தோன்றியது.

ஆறு மதிப்புகளையும் கூட்டி ஆறால் வகுத்து ஸ்டேஜ் சொல்வதில்லை. ஞாபகம்தான் அச்சு. மற்ற ஐந்தில் குறைந்தது மூன்று, ஞாபகத்தின் மதிப்போடு ஒத்துப்போனால் அதுவே ஸ்டேஜ். மூன்றோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக விலகிப்போனால், அந்தப் பெரும்பான்மையின் மதிப்பு ஸ்டேஜ் ஆகும். இந்த விதிக்கு ஒரு விளைவு உண்டு. அதைப் பெரியம்மாவின் இரண்டாவது முறைச் சந்திப்பில் பார்த்தேன், பிறகு சொல்கிறேன்.

விதிகளில் முதன்மையானது ஒன்று உண்டு: ஒவ்வொரு மதிப்பும் அந்த மனிதர் முன்பு இருந்த நிலையிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பதைக் குறிக்க வேண்டும், அதுவும் மறதியால் இறங்கியது மட்டும். முழங்கால் வலியால் கோயிலுக்குப் போவதை நிறுத்தியவருக்கு அந்தக் கணக்கில் மதிப்பு ஏறக்கூடாது. வங்கிக்கே போய்ப் பழகாதவர் இப்போதும் போகவில்லை என்றால் அது நோய் அல்ல. பெரியம்மா நான்காம் வகுப்பு படித்தவர். ஆனால் இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டை இருபத்தைந்து வருஷம் நடத்தியவர். யார் எந்த மாதம் சீட்டு எடுத்தார், எவ்வளவு தள்ளு போனது, யார் பாக்கி என்பதெல்லாம் தாளில்லாமல் தலையிலேயே இருக்கும். மறதி முதலில் தலைகாட்டியதும் அங்கேதான். ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்ட ஒருவருக்கே மறுபடியும் பணத்தைக் கொடுத்து அனுப்பினார். வாங்கியவர் நல்லவர், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். “யோசித்து முடிவெடுத்தல்” என்ற கட்டத்தில் அன்று டாக்டர் எழுதிய மதிப்பு பெரும்பாலும் இந்த ஒரு கதையிலிருந்து வந்தது.

வீட்டார் சொல்லும் கதையை நம்பி மருத்துவமா என்று யாருக்காவது தோன்றலாம். அதற்கு 1960-களிலேயே விடை கிடைத்துவிட்டது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கேரி பிளெஸ்ட், பெர்னார்ட் டாம்லின்சன், மார்ட்டின் ராத் ஆகிய மூவரும் முதியவர்களைப் பற்றி அவர்களுடைய நெருங்கிய உறவினர்களிடம் விசாரித்து மதிப்பெண் போட்டார்கள். சில்லறைக் காசு கையாள்கிறாரா, வீட்டு வேலை செய்கிறாரா, நாலு சாமான் வாங்கிவரச் சொன்னால் நினைவிருக்கிறதா, தெரிந்த தெருவில் வழி தெரிகிறதா, உடுத்துவதும் உண்பதும் எப்படி என்பது போன்ற கேள்விகள். அந்த முதியவர்கள் இறந்த பிறகு அவர்களுடைய மூளையை ஆராய்ந்து, மறதிநோய் வகைகளில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயில் படியும் புரதத் திட்டுகளை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். 1968-இல் வெளியான முடிவு: உறவினர்கள் சொன்னதை வைத்துப் போட்ட மதிப்பெண் மோசமாக மோசமாக, திட்டுகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. மருமகளும் மகளும் மனைவியும் அடுப்படியில் நின்று பார்த்தது மூளைத் திசுவோடு பொருந்திப்போனது.

மார்க் பரீட்சைக்கு வருகிறேன். உலகத்தில் அதிகம் புழங்குவது எம்.எம்.எஸ்.இ. (மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்); மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ 1975-இல் வெளியிட்டது. மொத்தம் 30 புள்ளி. ஆண்டு, மாதம், தேதி, கிழமை, பருவம் என்று காலத்துக்கு 5. ஊர், மாவட்டம், கட்டடம் என்று இடத்துக்கு 5. மூன்று சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். சற்று நேரம் கழித்து அவற்றையே மீண்டும் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போவது 5 புள்ளி. பேனாவைக் காட்டிப் பெயர் கேட்பது, ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது, ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வது இப்படிப் போகும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிரிட்டனில் வழக்கத்தில் உள்ள வரம்புப்படி அல்சைமர் நோயில் 21 முதல் 26 வரை லேசானது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 10-க்குக் கீழே கடுமை.

பெரியம்மாவுக்கு 19 வந்தது. அந்த வரம்பை அப்படியே எடுத்தால் நடுத்தரம். டாக்டர் அப்படி எடுக்கவில்லை. ஏன் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இந்தப் பரீட்சையை வைத்துப் பார்த்து 1993-இல் வெளியான ஆய்வில், ஒன்பது வருஷமோ அதற்கு மேலோ பள்ளி சென்றவர்களின் இடைநிலை மதிப்பெண் 29. ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26. நான்கு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. ஆக, நாலாங்கிளாஸ் படித்தவரின் 19-உம் கல்லூரிப் பேராசிரியரின் 19-உம் ஒன்றல்ல. மறுபக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் 28 எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நிற்கலாம். படிப்பு கொடுத்த பழக்கம் பரீட்சையில் அவரைத் தாங்கிப் பிடித்துவிடும்.

மொழியும் சும்மா இருப்பதில்லை. எம்.எம்.எஸ்.இ.யில் “நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ் ஆர் பட்ஸ்” என்ற ஆங்கிலத் தொடரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய்க்குள் சிக்கும் சிறு சொற்களாக இருப்பதால்தான் அது சோதனை. மொழிபெயர்த்தால் சோதனையே போய்விடும். ஹரியானா மாநிலம் பல்லப்கரில், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக மேரி கங்குலி குழுவினர் 1990-களில் இதை இந்திக்கு மாற்றியபோது இந்தச் சிக்கல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டியிருந்தது. ஆங்கிலத் தொடருக்குப் பதில் “இதுவும் இல்லை, அதுவும் இல்லை” என்ற பொருளில் ஓர் இந்தித் தொடர் வந்தது. “கண்ணை மூடு” என்று எழுதியதைப் படித்துச் செய்வதற்குப் பதில், என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று கேட்டார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். மேம்போக்காகப் பார்த்தால் சின்ன மாற்றங்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு மூதாட்டியை நோயாளி ஆக்காமல் காப்பாற்றுபவை இவைதான்.

தேதி கேட்பதில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. பெரியம்மாவுக்கு நல்லா இருந்த காலத்திலும் ஆங்கிலத் தேதி தெரியாது. அவருடைய காலண்டர் அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை. அமாவாசைக்கு விரதம் இருப்பதும் காக்கைக்குச் சோறு வைப்பதும் நாற்பது வருஷப் பழக்கம். அந்த டாக்டர் தேதி கேட்டுப் பதில் வராதபோது விட்டுவிடவில்லை. “சரி பாட்டி, அமாவாசை முடிஞ்சிருச்சா, இனிமேதானா?” என்றார். பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. அமாவாசை முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தேதி தெரியாததில் செய்தி ஒன்றுமில்லை. அமாவாசை தெரியாததுதான் எங்கள் இருவரையும் உலுக்கியது.

வீட்டார் சொல்வதே ஆதாரம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஆதாரமும் பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

10/66 என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழு இருக்கிறது. மறதிநோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்க, அந்த நாடுகளில் அப்போது நடந்த ஆய்வோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதிலிருந்து வந்த பெயர். இந்தியாவில் அதன் கணக்கெடுப்பு நடந்த இடங்கள் சென்னையும் வேலூர் பக்கத்துக் கிராமங்களும். 65 வயதைத் தாண்டியவர்களிடம் பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பு 2008-இல் வெளியானது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அப்போதைய கையேட்டு விதிப்படி பார்த்தால் கியூபாவில் 6.3 விழுக்காட்டினருக்கு மறதிநோய். இந்தியக் கிராமத்திலோ வெறும் 0.3. ஆனால் படிப்பாலும் பண்பாட்டாலும் முடிவு மாறாதபடி 10/66 குழு வகுத்த முறையில் பார்த்தபோது எல்லா இடங்களும் 5.6-க்கும் 11.7-க்கும் நடுவில் வந்து நின்றன. நம் கிராமத்து முதியவர்களுக்கு மறதி வருவதில்லை என்பதல்ல விஷயம். அந்தக் கையேட்டு விதி, மறதியால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறது. நம் குடும்பங்கள் பாதிப்பு என்று எதையும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? “உங்க அத்தை சமையல் செய்யறாங்களா?” என்று டாக்டர் கேட்டதும் அண்ணி சொன்ன பதில்: “இந்த வயசுல அவங்க எதுக்கு சார் செய்யணும்? நான் இருக்கேன்ல.” அன்பான பதில்தான். ஆனால் அதில் ஒரு தகவலும் இல்லை. உப்பு இரண்டு தடவை விழுந்த நாளிலிருந்து அண்ணி கரண்டியை வாங்கிக்கொண்டார். பால் பொங்கி வழிந்த நாளிலிருந்து அடுப்பையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வேலையாகக் கை மாறிக்கொண்டே வந்ததில், பெரியம்மாவால் எது முடியவில்லை என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. டாக்டர் கேள்வியை மாற்றினார். “நாளைக்கு நீங்க ஊருக்குப் போயிட்டா, அரிசி எங்க இருக்குன்னு தெரிஞ்சு, சோறு பொங்கி, அவங்களா சாப்பிட்டுக்குவாங்களா?” அண்ணி வெகுநேரம் யோசித்தார். “மாட்டாங்க” என்றார். அந்த ஒரு சொல்லில் வீட்டு வேலைக் கட்டத்தின் மதிப்பு ஏறியது.

கூட்டுக் குடும்பம் நோயாளிக்குப் பெரிய பலம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே பலம் நோயை இரண்டு மூன்று வருஷம் மூடி மறைத்தும் விடுகிறது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்திருக்கும்?

நோய் முற்றிய பிறகு கேள்வி பதில் எதுவும் எடுபடாது. எம்.எம்.எஸ்.இ. பூஜ்யத்தைத் தொட்ட பிறகும் ஒருவர் பல வருஷம் வாழலாம்; அந்த வருஷங்களில் ஒன்றுமே மாறவில்லை என்று அர்த்தமில்லை. அங்கே கைகொடுப்பது நியூயார்க்கில் பேரி ரைஸ்பெர்க் 1980-களில் வகுத்த ஃபாஸ்ட் என்ற அளவுகோல். ஒருவரால் எதைச் செய்ய முடிகிறது என்பதை மட்டும் பார்த்து ஏழு படிகளாகப் பிரிப்பது. நான்காம் படியில் பணக் கணக்கும் விருந்தினருக்குச் சமைப்பதும் போகும். ஐந்தில் சமயத்துக்கேற்ற உடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆறுக்குள் ஐந்து உட்படிகள்: உடுத்துவது, குளிப்பது, கழிப்பறைப் பழக்கம், பிறகு சிறுநீர்க் கட்டுப்பாடு, கடைசியாக மலக் கட்டுப்பாடு. ஏழில் பேச்சு அரை டஜன் சொற்களுக்குச் சுருங்கும், பிறகு ஒற்றைச் சொல், பிறகு நடை, உட்காருவது, சிரிப்பு, தலை நிமிர்த்துவது. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டில் இறுதிக்காலப் பராமரிப்புக்கு அல்சைமர் நோயாளியைச் சேர்க்கலாமா என்று முடிவுசெய்ய இந்த ஏழாம் படியைத்தான் பார்க்கிறார்கள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் புடவையில் தெரியும். பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கிணற்றடிக்குத் துணி துவைக்கப் போவது ஐந்து. கட்டும் முறை இன்னும் கையில் இருக்கிறது. எதை எப்போது என்பது போய்விட்டது. பாவாடைக்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டே போய், கொசுவம் எடுக்கும் இடம் வந்ததும் கை நின்றுவிடுவது ஆறின் தொடக்கம். சின்ன வயதிலிருந்து கட்டிப் பழகிய ஒன்றில் அடுத்த அடி எது என்று தெரியாமல் நிற்கும் அந்தக் கணத்தில், “என்ன இது, இதுகூடத் தெரியாதா” என்று சொல்லாமல் கொசுவத்தை மடித்துக் கையில் கொடுக்கத் தெரிந்தவர்தான் நல்ல பராமரிப்பாளர்.

இந்தப் படிகள் குழந்தை வளரும் வரிசைக்கு நேர் தலைகீழாக இருப்பதை ரைஸ்பெர்க் கவனித்துச் சொன்னார். தலை நிற்பது, சிரிப்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது என்று குழந்தை சேர்த்ததெல்லாம் கடைசியிலிருந்து கழன்று வருகின்றன. எவ்வளவு உதவி தேவைப்படும் என்று குடும்பத்துக்குப் புரியவைக்க நல்ல வழி. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு முதியவரைக் கொஞ்சுமொழியில் அதட்டுவதையும், அவர் எதிரிலேயே “சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டாங்க” என்று பேசுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. எழுபத்தெட்டு வருஷ வாழ்க்கையும் அவமானம் என்றால் என்ன என்று உணரும் மனமும் பெரியம்மாவிடம் இருந்தன. ஸ்டேஜ் எதுவாக இருந்தாலும் அது உண்மை.

எப்போது ஸ்டேஜ் போடக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், இரவெல்லாம் கத்திக்கொண்டு, மகனையே அடையாளம் தெரியாமல் இருப்பவரைப் பார்த்து “அம்மாவுக்கு மறதிநோய் முத்திடுச்சு” என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. அது பெரும்பாலும் திடீர்க் குழப்ப நிலை. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிய மாத்திரை, தூக்கமின்மை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தெளியும். மறதிநோய் உள்ளவருக்கே இது எளிதாக வரும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். அதேபோல் மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, பி12 குறைபாடு. காது கேட்காதவரிடம் மூன்று சொல்லைச் சொல்லித் திருப்பிக் கேட்டால் மறதி போலவும் தெரியும், மார்க்கும் குறையும். கண்புரை உள்ளவரிடம் ஐங்கோணத்தைக் காட்டி என்ன பயன்? கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள் என்று முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

எல்லா மறதிநோயும் ஒரே ஏணியில் இறங்குவதும் இல்லை. ரைஸ்பெர்க்கின் படிகள் அல்சைமருக்கு நன்றாகப் பொருந்தும். ரத்தக்குழாய் அடைப்பால் வருவது படிக்கட்டு போலத் திடீர் திடீரென்று இறங்கி, நடுவில் அப்படியே நிற்கலாம். மூளை செல்களில் லூயி உடல் என்னும் புரதக் கட்டிகள் படிவதால் வரும் வகையில் காலையில் ஒரு நிலை, மாலையில் ஒரு நிலை. ஒரு நாள் பார்த்து மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் ஞாபகம் நன்றாக இருக்கும், நடத்தையும் பேச்சும் முதலில் போகும். ஞாபகத்தை அச்சாக வைத்த சி.டி.ஆர். அங்கே தீவிரத்தைக் குறைத்துக் காட்டியதால், நடத்தைக்கும் மொழிக்கும் இரண்டு கட்டங்கள் பின்னால் சேர்க்கப்பட்டன.

ஸ்டேஜ் தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்தே இல்லையே என்று சிலர் கேட்கிறார்கள். பல முடிவுகள் அதைப் பொறுத்தவை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் லேசான, நடுத்தர நிலையில் தொடங்கப்படுபவை. மெமன்டின் நடுத்தரத்துக்கும் கடுமைக்கும். உயில், வங்கிக் கணக்கில் இரண்டாவது பெயர், வண்டி ஓட்டுவதை நிறுத்துவது ஆகியவற்றை அவரோடு உட்கார்ந்து பேசி அவருடைய விருப்பத்தைக் கேட்க வேண்டுமானால் ஆரம்ப நிலைதான் காலம். இந்தியாவில் மாற்றுத்திறன் சான்றிதழுக்கு ஐடியாஸ் என்ற தனி அளவுகோல். சுய பராமரிப்பு, உறவு, பேச்சுப் புரிதல், வேலை ஆகியவற்றோடு நோயின் காலத்தையும் சேர்த்துப் போட்டு, 40 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தால் சலுகைகளுக்குத் தகுதி. அல்சைமர் புரதத்தையே அகற்றும் லெகனெமாப் என்ற ஊசி மருந்தை 2023-இல் அமெரிக்கா முழுமையாக அங்கீகரித்தபோது, அதுவும் லேசான நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான்.

அந்த மருந்தின் முக்கிய ஆய்வில் வெற்றியை அளந்ததும் சி.டி.ஆர். கட்டங்களின் கூட்டுத்தொகைதான். ஆறு கட்டங்களையும் கூட்டினால் அதிகபட்சம் 18. ஒன்றரை வருஷத்தில், மருந்து போட்டவர்கள் சராசரியாக 1.21 புள்ளி மோசமானார்கள். போலி ஊசி போட்டவர்கள் 1.66. வித்தியாசம் 0.45. இது ஒரு குடும்பத்தின் கண்ணுக்குத் தெரியுமா என்ற விவாதம் மருத்துவர்களிடையே ஓயவில்லை. மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடிய ஒரு மருந்துக்கு அரைப் புள்ளிக்கும் குறைவான பலன் போதாது என்பது என் எண்ணம். ஆரம்ப நிலையில் இருக்கும் ஒருவர் வேறு மாதிரி எடைபோட்டால் அவரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

கூட்டுத்தொகை ஏன் தேவை என்று எனக்குப் புரிந்தது பெரியம்மாவின் இரண்டாவது சந்திப்பில். முதல் முறை சுய பராமரிப்பு 0, மற்ற ஐந்தும் 1. ஸ்டேஜ் 1, கூட்டுத்தொகை 5. எட்டு மாதம் கழித்துப் போனபோது ஞாபகம் 2, யோசித்து முடிவெடுத்தல் 2, சுய பராமரிப்பு 1, மற்றவை அதே 1. மேலே சொன்ன விதிப்படி ஞாபகத்தைத் தவிர்த்த ஐந்தில் நான்கு கட்டங்கள் 1-இல் நிற்பதால் ஸ்டேஜ் இன்னும் 1-தான். “அப்ப மாறலை, இல்ல சார்?” என்று அண்ணன் நிம்மதியாகக் கேட்டார். டாக்டர் தாளைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து, கட்டங்களைக் காட்டிக் கூட்டினார். 8.

அந்த எட்டு மாதக் கதையைச் சொல்ல அண்ணியிடம் ஒரு நோட்டு இருந்தது. முதல் சந்திப்பில் டாக்டர் வாங்கச் சொன்ன நாற்பது பக்க நோட்டு. என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள், மோசம், பரவாயில்லை என்றெல்லாம் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார். “ஆவணி 9: பால்காரருக்குக் காலையிலும் காசு கொடுத்தாங்க, சாயங்காலமும் கொடுத்தாங்க.” “புரட்டாசி 3: குளிச்சாச்சுன்னு சொன்னாங்க, துண்டு காஞ்சு கிடந்துச்சு.” “ஐப்பசி 20: தம்பி வந்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. போனதும் யாரு வந்துட்டுப் போனதுன்னு கேட்டாங்க.” டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எது எந்தக் கட்டம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். கார்த்திகை மாதத்துக்கு வந்ததும் நிறுத்தினார். “நடு ராத்திரி எந்திரிச்சு காபி போடறேன்னு அடுப்பைத் திறந்துட்டு, பத்த வைக்காம வந்து படுத்துட்டாங்க” என்று எழுதியிருந்தது. மாத்திரையை எழுதுவதற்கு முன்னால், ராத்திரி படுக்கப் போகும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுகிறீர்களா என்று அண்ணியிடம் கேட்டார். அன்று இரவிலிருந்து மூடுகிறோம்.